பழைய லாரி, புதிய லாரி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழிமுறை

இங்கே பழைய என்ஜின் என்று சொல்வது கம்ப்யூட்டர் இல்லாத கனரக டீசல் என்ஜினை. டீசலின் அளவைப் பம்பும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் மட்டுமே தீர்மானிக்கும். வரிசைப் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாயில் டீசல் அனுப்பும் பம்ப்) பொருத்திய என்ஜின்கள், பிடி (PT) என்ற கம்மின்ஸ் வகைப் பம்புடன் வரும் 14 லிட்டர் கம்மின்ஸ் 855, 1938இல் அறிமுகமான டெட்ராய்ட் டீசல் 71 வரிசை டூ ஸ்ட்ரோக் எல்லாம் இந்தக் கூட்டம். புதிய என்ஜின் என்பது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்த டீசல் குழாய்), ஈசிஎம் (என்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்), புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, புகையைச் சுத்தம் செய்ய யூரியாத் திரவம் தெளிக்கும் எஸ்சிஆர் ஆகியவை கொண்டது. நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது: 1987இல் வந்த டெட்ராய்ட் சீரிஸ் 60 போல மின்னணுக் கட்டுப்பாடு உண்டு, புகை வடிகட்டி கிடையாது. அப்படிப்பட்ட லாரிக்கு வயரிங் விஷயத்தில் புதியதற்கான பகுதியையும், புகை விஷயத்தில் பழையதற்கான பகுதியையும் படியுங்கள்.

லாரி நின்றவுடன் விலை அதிகமான பாகத்தின் மேல்தான் முதல் பழி விழுகிறது. பழையதில் டீசல் பம்ப் மேல், புதியதில் இன்ஜெக்டர் அல்லது ஈசிஎம் மேல். ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: பழைய என்ஜினை நிறுத்துவது பெரும்பாலும் காற்றை உறிஞ்சும் ஓர் இணைப்பு, புதிய என்ஜினை நிறுத்துவது பெரும்பாலும் பச்சைக் களிம்பு பிடித்த ஒரு கனெக்டர் அல்லது தளர்ந்த எர்த். அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது. வரிசையைத் தாண்டிக் கீழே ஓட வேண்டாம்.

கை வைக்கும் முன்

சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், கியரை நியூட்ரலில் போடுங்கள். தூக்கும் கேபினாக இருந்தால் அதன் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையை உள்ளே விடுங்கள்.

பழைய வரிசைப் பம்ப் என்ஜினில் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயிலுக்குக் கொண்டுவரவே கூடாது. அங்கே அழுத்தம் 2000 பார் அளவுக்குப் போகும். நூல் போன்ற டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுக்கு ஒரு புள்ளிதான் தெரியும். வலி இல்லை என்று விட்டுவிட்டால் விரலோ கையோ போகும். அப்படிப் பட்டுவிட்டால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கசிவு தேடுவதென்றால் கையால் தடவாமல் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

அறிகுறி 1: சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றவில்லை, அல்லது தயங்கிச் சுற்றுகிறது

இதில் பழையது, புதியது என்ற வேறுபாடு குறைவு. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

விளக்கு மங்கி அணைகிறது: பேட்டரி அல்லது கேபிள். விளக்கு மங்கவில்லை, ‘டக்’ என்ற ஒலி மட்டும் வருகிறது: செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு (மின்காந்தச் சுவிட்ச்). ஒலியே இல்லை: நியூட்ரல் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ்.

24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நன்றாகச் சார்ஜ் ஏறிய ஒவ்வொன்றும் ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். மொத்தமாக அளந்தால் நல்ல பேட்டரி கெட்டதை மறைத்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது மொத்தம் 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். 12 வோல்ட் லாரிக்கு அந்த எல்லை 9.6.

பேட்டரி நன்றாக இருந்தால் எர்த்துக்குப் போங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை என்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் அல்லது அதன் போல்ட்தான் கோளாறு. இந்தச் சோதனை செய்யாமல் கழற்றி மாற்றப்பட்ட செல்ஃப் மோட்டார்களுக்குக் கணக்கில்லை.

புதிய லாரியில் கூடுதலாக ஒன்று: செல்ஃப் சுமாராகச் சுற்றினாலும் வோல்ட் இறங்கியதால் ஈசிஎம் அணைந்து அணைந்து எழலாம். என்ஜின் சுற்றும், பிடிக்காது. இதை அறிகுறி 2 என்று நினைத்து டீசலைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள்.

நீண்ட நாள் நிறுத்தியிருந்த பழைய லாரியில் செல்ஃப் ‘டங்’ என்று மோதி நின்றால் மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ நிரம்பியிருக்கலாம். வற்புறுத்தினால் கனெக்டிங் ராட் வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, கிராங்க் முனையில் நீளக் கம்பி போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். அது என்ஜினைப் பிரிக்கத் தெரிந்தவருடைய வேலை.

அறிகுறி 2: நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

*பழைய என்ஜின், புகைக்குழாயில் புகையே இல்லை*

புகை இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை.

முதலில் ஸ்டாப் கேபிள். உள்ளே தள்ளியும் பம்பிலுள்ள கை முழுதாகத் திரும்பவில்லையா என்று பம்ப் பக்கம் நின்று பாருங்கள். கேபினில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. சொலினாய்டு உள்ள பம்ப் என்றால் சாவியைப் போடும்போது ‘க்ளிக்’ கேட்க வேண்டும். கம்மின்ஸ் பிடி பம்பில் சொலினாய்டு வால்வின் முனையில் கையால் திருகும் குமிழ் ஒன்று இருக்கும். அதை உள்ளே திருகினால் மின்சாரம் இல்லாமலே வால்வு திறக்கும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் கோளாறு வயரிலோ காயிலிலோதான். ஆனால் குமிழ் உள்ளே இருக்கும்வரை சாவியால் என்ஜினை அணைக்க முடியாது. லாரியை எடுத்துக்கொண்டு போகும் முன் அதை நினைவில் வையுங்கள்.

அடுத்து டேங்க். மூடியைத் திறந்தவுடன் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்க் பாதி இருக்கும்போது நன்றாக ஓடி, கால்வாசிக்கு இறங்கியதும் நிற்கிறதா? டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் நடுவே விரிசல். இந்தக் கோளாறை டீசல் நிரப்பியவுடன் ‘சரியாகிவிட்டது’ என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள், அடுத்த முறை அதே அளவில் மறுபடி நிற்கும்.

பிறகு ஏர், அதாவது டீசல் வழியில் புகுந்த காற்று. ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்திக் கை பம்பை அடியுங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் மூடுங்கள். அடுத்து டீசல் பம்பின் திருகு. கடைசியில், செல்ஃப் அடித்துக்கொண்டே, இன்ஜெக்டர் முனை நட்டுகள். இந்த வரிசையை மாற்றினால் எடுத்த காற்று திரும்ப வந்து சேரும். பிடி பம்பிலும் டெட்ராய்ட் டூ ஸ்ட்ரோக்கிலும் இப்படி இன்ஜெக்டருக்குப் போகும் உயர் அழுத்தக் குழாயே கிடையாது. அவற்றில் ஃபில்டரை நிரப்பி, பம்ப்வரை டீசலைக் கொண்டுவந்தால் போதும்.

ஏர் எடுத்து ஓடவிட்டும் மறுநாள் காலை அதே கதை என்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள பக்கம் உறிஞ்சும் பக்கம். அங்கே டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தேடிப் பயனில்லை. ஃபீட் பம்புக்கு முன் ஒரு முழ நீளம் ஒளிபுகும் ஹோஸைச் சேருங்கள். குமிழி ஓடினால் டேங்கிலிருந்து அந்த இடம்வரை எங்கோ கோளாறு. அதை உறுதிசெய்ய, சுத்தமான கேனில் டீசல் எடுத்து உயரத்தில் வைத்து, புதிய ஹோஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்பில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் டீசல் பம்பைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிடலாம்.

பழைய ரப்பர் சீல்கள் கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறியபோது சுருங்கிக் கசிவது தெரிந்த விஷயம். பயோடீசல் கலப்போ டேங்கின் பழைய கசடைக் கரைத்து ஃபில்டரை அடைக்கும். ஆகவே பல ஆண்டு நின்ற லாரியை எழுப்பும்போது ஹோஸையும் சீலையும் ஒட்டுமொத்தமாக மாற்றிவிட்டு, மாற்று ஃபில்டர் ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பம்ப்வரை குமிழி இல்லாத டீசல் வருகிறது, ஸ்டாப் கை திறந்திருக்கிறது, இருந்தும் இன்ஜெக்டர் நட்டில் ஒரு சொட்டு இல்லை என்றால் உள்ளே டீசல் அளவை மாற்றும் ராக் (பல்தண்டு) ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் பம்பைத் தட்டும் வைத்தியம் வேண்டாம். டீசல் பம்ப் பெஞ்ச் உள்ள பட்டறைக்கு அனுப்புங்கள்.

*பழைய என்ஜின், வெண்புகை வருகிறது, பிடிக்கவில்லை*

டீசல் போகிறது, எரியவில்லை. சுற்றும் வேகம் போதவில்லையா என்று பாருங்கள். குளிரில் இதுதான் முக்கால்வாசிக் காரணம். ஏர் ஹீட்டர் உள்ள என்ஜினில் அது சூடாகிறதா? அண்மையில் யாராவது பம்பைக் கழற்றி மாட்டினார்களா? ஆம் என்றால் டைமிங், அதாவது டீசல் பீய்ச்சும் நேரம் தவறியிருக்கிறது. இவை எதுவும் இல்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) சோதனை, அதாவது பட்டறை. ஏர் ஹீட்டர் உள்ள என்ஜினில் ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள், உள்ளேயே வெடிக்கும்.

*புதிய என்ஜின்*

சாவியைப் போட்டவுடன் எச்சரிக்கை விளக்குகள் வழக்கம்போல் எரிந்து அணைகின்றனவா? எதுவும் எரியவில்லை என்றால் ஈசிஎம்முக்கு மின்சாரம் போகவில்லை: ஃபியூஸ், ரிலே, பேட்டரி பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள கனெக்டர்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். கொஞ்சமாவது அசைய வேண்டும். அசையவே இல்லை என்றால் கிராங்க் சென்சார், அதன் வயர், அல்லது சென்சார் முனையில் ஒட்டிய இரும்புத் துகள். ஒரு கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது.

முள் அசைகிறது என்றால் டீசல். தண்ணீர் பிரிப்பானைத் திறந்து அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். ஃபில்டரை அண்மையில் மாற்றினீர்களா? புதிய ஃபில்டரை வெளியிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பி மாட்டுவது பழைய என்ஜினில் நல்ல பழக்கம், காமன் ரெயிலில் கெட்ட பழக்கம். வடிகட்டப்படாத டீசல் நேரே உயர் அழுத்தப் பம்புக்குள் போய்விடும். காலியாக மாட்டிவிட்டு பிரைமிங் பம்பால் நிரப்புங்கள்.

இதற்குமேல் ஸ்கேன் கருவி வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பல என்ஜின்கள் சுமார் 200 பார் வராமல் இன்ஜெக்டரைத் திறக்காது. துல்லியமான எண் கையேட்டில் இருக்கும். அழுத்தம் ஏறவில்லை என்றால் முதலில் குறைந்த அழுத்தப் பக்கம், அடுத்து ரெயிலின் ரிலீஃப் வால்வு, பிறகு இன்ஜெக்டர் ரிட்டர்ன் கசிவு, கடைசியில்தான் உயர் அழுத்தப் பம்ப். ஃபில்டர் கிண்ணத்தில் மினுமினுக்கும் உலோகத் தூள் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தொழில்முறை உதவியைக் கூப்பிடுங்கள். பம்ப் அரைந்திருக்கிறது, இன்னும் சுற்றினால் ஆறு இன்ஜெக்டரும் போகும்.

அறிகுறி 3: இழுவை இல்லை

*பழைய என்ஜின்*

ஒருவர் பெடலை முழுதாக மிதிக்கட்டும், மற்றவர் பம்பில் நின்று கை கடைசித் தடுப்பைத் தொடுகிறதா என்று பார்க்கட்டும். தொடவில்லை என்றால் லிங்க் தேய்மானம், அல்லது பெடலின் கீழ் மடிந்த பாய். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பார்த்த பிறகு சிரிப்பதில்லை.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு சக்கர ஹப்பின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்திருக்கிறது, என்ஜின் நிரபராதி. பிறகு டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர். டர்போ என்ஜின்களில் ஏர் ஃபில்டர் தடை 25 அங்குல நீரளவைத் தாண்டினால் மாற்ற வேண்டும், காட்டி சிவப்பாகும்.

டர்போ உள்ள பழைய என்ஜினில் பூஸ்ட் அழுத்தத்தை (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை) பம்புக்குச் சொல்லும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். அது உடைந்தாலோ அதன் முனையிலுள்ள டயாஃபிரம் கிழிந்தாலோ பம்ப் முழு டீசல் தராது. புகையும் வராது, இழுவையும் வராது. நன்றாக ஓடுகிற மாதிரியே இருக்கும். டெட்ராய்ட் டூ ஸ்ட்ரோக்கில் இதற்கு ஈடான ஒன்று ரிட்டர்ன் லைன் இணைப்பு. ஹெட்டிலிருந்து டீசல் திரும்பும் இடத்தில் சிறு துளையுள்ள இணைப்பு இருக்க வேண்டும். யாரோ சாதாரண இணைப்பைப் போட்டிருந்தால் டீசல் அழுத்தம் நிற்காமல் எல்லாம் டேங்குக்கே திரும்பிவிடும்.

இவ்வளவும் சரி, இழுவை மட்டும் இல்லை என்றால் பம்பின் முத்திரையை உடைத்து டீசலை ஏற்றிவிட ஒரு கை அரிக்கும். வேண்டாம். டர்போவுக்கு முன் புகைச்சூடு 650 முதல் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் அலுமினியப் பிஸ்டன் தாங்காது. சூடு காட்டும் மீட்டர் இல்லாத லாரியில் அந்தத் திருகைத் தொடுவது குருட்டாட்டம். கம்ப்ரஷனும் பம்பும் அளக்கப்பட வேண்டிய கட்டம் இது, பட்டறைக்குப் போங்கள்.

*புதிய என்ஜின்*

விளக்கு எரிகிறதா? எரிந்தால் என்ஜின் களைத்துப்போகவில்லை, ஈசிஎம் வேண்டுமென்றே இழுவையைக் குறைத்திருக்கிறது. அறிகுறி 9க்குப் போங்கள்.

விளக்கு இல்லாமல் இழுவை குறைந்தால் பூஸ்ட் கசிவுதான் முதல் சந்தேகம். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குப் போகும் ஹோஸ்களில் கருப்பு எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தைத் தேடுங்கள். குறைந்த காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவினால் இன்டர்கூலர் விரிசலும் தெரியும். அடுத்து டிபிஎஃப்பின் இரு பக்கத்திலிருந்தும் அழுத்த சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய்கள். அவை வெடித்திருந்தால் ஈசிஎம்முக்குப் பொய்த் தகவல் போகும். பிறகே டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர். அது கரியால் இறுகியிருந்தால் மாற்றிய பின் ஸ்கேன் கருவியால் அளவு சொல்லிக்கொடுக்க வேண்டும். வீட்டு வேலை அல்ல.

அறிகுறி 4: ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது

பழைய வரிசைப் பம்ப் என்ஜின் என்றால் ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் நட்டாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். டெட்ராய்ட் டூ ஸ்ட்ரோக்கிலும் பிடி கம்மின்ஸிலும் வால்வு மூடியைத் திறந்து இன்ஜெக்டரை அழுத்திப் பிடித்து இதே சோதனையைச் செய்வார்கள். பழகாத கைக்கு அது ஆபத்து. சூடு அளக்கும் அகச்சிவப்புக் கருவி இருந்தால் ஸ்டார்ட் செய்தவுடன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையையும் அளந்தாலே சோம்பேறி சிலிண்டர் தெரியும். இது எந்த என்ஜினுக்கும் பொருந்தும்.

புதியதில் ஸ்கேன் கருவியே ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திக் காட்டும். சிலிண்டர் தெரிந்ததும் இன்ஜெக்டரை வாங்க ஓடாதீர்கள். வால்வு மூடிக்கு அடியில் இன்ஜெக்டருக்குப் போகும் வயர் உரசித் தேய்ந்திருக்கலாம். வால்வு இடைவெளியை அளந்திருக்கிறீர்களா? இரண்டும் சரி என்றால் இன்ஜெக்டர். பல காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் மேல் ஒரு குறியீட்டு எண் அச்சிடப்பட்டிருக்கும். புதியதை மாட்டியவர் அந்த எண்ணை ஈசிஎம்மில் பதியாமல் விட்டால் புதுப் பாகத்தோடு பழைய நடுக்கமும் தொடரும்.

அறிகுறி 5: புகை

*கரும்புகை.* பழையதில் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி. ஏர் ஃபில்டர், பூஸ்ட் ஹோஸ், நாசில், உடைக்கப்பட்ட பம்ப் முத்திரை என்ற வரிசையில் பாருங்கள். புதியதில் கரும்புகை வெளியே வரவே கூடாது. டிபிஎஃப் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். வெளியே கரி தெரிந்தால் வடிகட்டியில் விரிசல் விழுந்திருக்கிறது, அல்லது யாரோ உள்ளேயிருப்பதை எடுத்துவிட்டார்கள். சரியான வடிகட்டி உள்ள லாரியில் பூஸ்ட் கசிவும் கெட்ட இன்ஜெக்டரும் புகையாகத் தெரியாமல், அடிக்கடி கேட்கும் ரீஜெனரேஷனாக (வடிகட்டியில் சேர்ந்த கரியைச் சூடேற்றி எரிப்பது) தெரியும். முன்பைவிடச் சீக்கிரம் சீக்கிரம் ரீஜெனரேஷன் கேட்டால் வடிகட்டியைக் கழுவக் கொடுக்கும் முன் மேலே உள்ளவற்றைச் சரிபாருங்கள். இல்லையென்றால் கழுவிய வடிகட்டி அதே வேகத்தில் மறுபடி நிரம்பும்.

*வெண்புகை.* முகர்ந்து பாருங்கள். கண் எரிந்து டீசல் நாற்றம் அடித்தால் எரியாத டீசல். என்ஜின் சூடானதும் நின்றுவிட்டால் பழைய என்ஜினில் அது நோயல்ல. இனிப்பான வாடை வந்து, கூலன்ட் குறைந்துகொண்டே போய், வெளியே எங்கும் கசிவு இல்லை என்றால் பழையதில் ஹெட் கேஸ்கெட். புதியதில் முதலில் இஜிஆர் கூலர் (என்ஜினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விப்பது). ஹெட்டைக் கழற்றும் முன் இஜிஆர் கூலரை அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

*நீலப்புகை.* என்ஜின் ஆயில் எரிகிறது. ஆயில் மட்டம் மிகுதியா, கிராங்க்கேஸ் காற்றுக்குழாய் அடைப்பா, டர்போ சீலா, கடைசியில் ரிங்கா. டெட்ராய்ட் டூ ஸ்ட்ரோக் நீண்ட நேரம் ஐட்லிங்கில் நின்றால் ஆயில் வழிவது அதன் குணம்; ஏர் பாக்ஸ் வடிகுழாய்கள் அடைத்திருக்கின்றனவா என்று பார்த்து, நல்ல பாரத்தில் ஓட்டிவிட்டு வந்து முடிவு செய்யுங்கள். அந்த என்ஜினுக்கு எஸ்ஏஇ 40 ஒற்றைத் தர சிஎஃப்-2 ஆயில். ‘புதியது, விலை கூடியது’ என்று பலதர ஆயிலை ஊற்றி, பிறகு புகைக்கிறது என்று வருவார்கள்.

அறிகுறி 6: சூடேறுகிறது

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐட்லிங்கில் விட்டு இறங்கட்டும்.

எப்போது சூடேறுகிறது என்பதே பாதி விடை. நிற்கும்போது மட்டும் என்றால் ஃபேன்: பெல்ட், ஃபேன் கிளட்ச். பாரம் ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் என்றால் ரேடியேட்டர் அடைப்பு. ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே என்றால் தெர்மோஸ்டாட் அல்லது கூலன்ட் குறைவு.

பழைய லாரிகளில் ரேடியேட்டருக்கு முன் ஷட்டர் பலகைகள் இருந்தால் அவை முழுதாகத் திறக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்து கீழ் ஹோஸ். அது வாட்டர் பம்பின் உறிஞ்சும் பக்கம். உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால் ஆர்பிஎம் ஏறும்போது ஹோஸ் சப்பையாகி ஓட்டத்தை நிறுத்திவிடும். வண்டி நிற்கும்போது தொட்டால் நன்றாகவே இருக்கும், ஆகையால் ஒருவர் முடுக்க, ஒருவர் பார்க்க வேண்டும்.

புதிய லாரியில் ரேடியேட்டரின் முகம் சுத்தமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில்தான் தூசியும் பஞ்சும் கம்பளிபோல் படியும். டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் குறைந்த அழுத்தத்தில் அடியுங்கள். அகச்சிவப்புக் கருவியால் தெர்மோஸ்டாட் வீட்டை அளந்து, மீட்டர் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் என்றால் கெட்டது சென்சார்.

கூலன்ட் டேங்கில் குமிழி வருகிறதா? உடனே ஹெட் கேஸ்கெட் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். ஏர் பிரேக் கம்ப்ரசரின் ஹெட் கேஸ்கெட் போனாலும் காற்று கூலன்ட்டில் கலக்கும். காற்று டேங்க் நிரம்பி கம்ப்ரசர் ஓய்ந்ததும் குமிழி நின்றால் கம்ப்ரசர். நிற்கவில்லை என்றால் என்ஜின். என்ஜின் என்று உறுதியானால் அதற்குமேல் ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள்.

அறிகுறி 7: ஆயில் பிரஷர் குறைவு, அல்லது ஆயில் மட்டம் ஏறுகிறது

பிரஷர் முள் விழுந்தால் முதலில் அணையுங்கள், பிறகு யோசியுங்கள். மட்டம் சரி என்றால் தனியாக ஓர் இயந்திர மீட்டரை மாட்டி அளங்கள். சூடான கனரக என்ஜின் ஐட்லிங்கில் 10 முதல் 15 பிஎஸ்ஐ காட்டினால் பெரும்பாலும் கவலையில்லை. கையேட்டு எண்ணே இறுதி. மீட்டர் சரியாகக் காட்டினால் டாஷ்போர்டு சென்சாரை மாற்றிவிட்டு ஓட்டலாம். மீட்டரும் குறைவாகக் காட்டினால் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். செம்பு நிறத் தகடு தெரிந்தால் பேரிங், ஓட்டாதீர்கள்.

மட்டம் ஏறுவது குறைவதைவிட ஆபத்து. டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டைக் காகிதத்தில் விடுங்கள். மெலிந்து பரவி டீசல் நாற்றம் அடித்தால் பழையதில் ஃபீட் பம்ப் டயாஃபிரம் அல்லது இன்ஜெக்டர் சீல். புதியதில் கூடுதலாக, பாதியில் நின்றுபோன ரீஜெனரேஷன்கள். ரீஜெனரேஷனுக்காகத் தாமதமாகத் தெளிக்கும் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர்: ஆயில் கூலர், லைனர் அடி சீல், ஹெட் கேஸ்கெட். இதில் எந்த வகையானாலும் ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்போம் என்பது பேரிங்கைக் காவு கொடுப்பது.

அறிகுறி 8: என்ஜின் அணையவில்லை, அல்லது தானாக வேகம் ஏறுகிறது

சாவியை எடுத்தும் அமைதியாக ஐட்லிங்கில் ஓடுகிறது என்றால் ஸ்டாப் கேபிள் அல்லது சொலினாய்டு. பம்பிலுள்ள கையை நேராக இழுத்து நிறுத்தலாம்.

வேகம் தானாக ஏறிக்கொண்டே போகிறது என்றால் அது வேறு. டெட்ராய்ட் டூ ஸ்ட்ரோக்கில் ஒரே ஓர் இன்ஜெக்டர் ராக் இறுகினாலும் எல்லா ராக்கும் திறந்த நிலையில் நின்றுவிடலாம். அதற்காகவே, என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் புளோயருக்கு மேல் காற்றை மூடும் அவசர மடிப்புக் கதவு வைத்தார்கள். அதன் கேபிள் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், ஆனால் தினமும் என்ஜினை அணைக்க அதைப் பயன்படுத்தினால் புளோயர் சீல் போகும். புதிய என்ஜின் ஓடிப்போனால் பெரும்பாலும் டர்போ சீல் வழியாகத் தன் ஆயிலையே குடிக்கிறது. டீசலை நிறுத்திப் பயன் இல்லை.

இரண்டிலும் வழி ஒன்றே: உள்ளே போகும் காற்றை அடைத்து நிறுத்துங்கள். கனமான பலகையால் காற்று போகும் உள்வாயை மூடலாம். கையாலோ துணியாலோ கூடாது, உறிஞ்சிவிடும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை உள்வாயில் செலுத்தலாம். கிளட்ச் உள்ள லாரி என்றால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்தபடி கிளட்சை விட்டு அணைக்கலாம். எதுவும் முடியவில்லை என்றால் விலகிப் போய்விடுங்கள். நின்ற பிறகு காரணம் தெரியாமல் யாரும் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

அறிகுறி 9: விளக்கு எரிகிறது, குறியீடு வருகிறது (புதியது மட்டும்)

யூரியா விளக்கு என்றால் மட்டத்தையும் தெளிவையும் பாருங்கள். திரவத்தில் 32.5 விழுக்காடு யூரியா இருக்க வேண்டும், மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். தெளிப்பு முனையில் வெள்ளைப் படிகம் கட்டியிருந்தால் வெந்நீரில் கரையும். யூரியா டேங்கில் டீசல் ஊற்றிவிட்டாலும், டீசல் டேங்கில் யூரியா ஊற்றிவிட்டாலும் சாவியைப் போடவே கூடாது. முழுதாக வடித்துக் கழுவுவது பட்டறை வேலை. ஸ்டார்ட் செய்த பிறகு வந்தால் அதே வேலை பல மடங்காகும்.

டிபிஎஃப் விளக்கு என்றால் நின்ற இடத்திலேயே ரீஜெனரேஷன் கொடுக்கலாம். வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி சூடு ஏறும். காய்ந்த புல், குப்பை, கூரை எதுவும் புகைக்குழாய்ப் பக்கம் இருக்கக் கூடாது.

மற்ற குறியீடுகள் இரண்டு எண்ணாக வரும். எஸ்பிஎன் எந்த இடம் என்று சொல்லும்: 94 டீசல் அழுத்தம், 100 ஆயில் பிரஷர், 102 பூஸ்ட், 110 கூலன்ட் சூடு, 157 ரெயில் அழுத்தம். எஃப்எம்ஐ என்ன வகை என்று சொல்லும். எஃப்எம்ஐ 3, 4, 5 வந்தால் சென்சாரின் மின்சாரப் பக்கம்தான் முதல் சந்தேகம்: கனெக்டரைக் கழற்றுங்கள், பச்சையைச் சுத்தம் செய்யுங்கள், பின்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எஃப்எம்ஐ 0, 1, 18 வந்தால் அளவே உண்மையில் எல்லை மீறியிருக்கலாம். மேலே உள்ள அறிகுறிகளில் ஒன்றுக்குப் போங்கள். எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 1 வந்த லாரியை ‘சென்சார் கோளாறு’ என்று சொல்லி ஓட்டாதீர்கள்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறியீடுகள் கூட்டமாக வந்தால் பாகங்கள் எல்லாம் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. எர்த் அல்லது ஈசிஎம்முக்குச் செய்தி கொண்டுபோகும் தகவல் வயர்தான் காரணம். சாவியை எடுத்துவிட்டு, ஒன்பது பின் சோதனை சாக்கெட்டில் சி, டி பின்களுக்கு நடுவே ஓம் அளங்கள். 60 வர வேண்டும். 120 வந்தால் இரு முனைகளிலும் உள்ள ரெசிஸ்டர்களில் ஒன்று காணோம், அல்லது வயர் நடுவில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் எங்கோ இரு வயரும் ஒட்டியிருக்கின்றன.

ஈசிஎம்மை மாற்றியே ஆக வேண்டும் என்று பட்டறையில் சொன்னால் மூன்று அளவுகளை உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்: செல்ஃப் அடிக்கும்போது ஈசிஎம் கனெக்டரில் வரும் வோல்ட், அதே நேரத்தில் எர்த் பின்னில் தெரியும் வோல்ட் இழப்பு, அந்த 60 ஓம். மூன்றும் சரியாக இருந்தால் மாற்றட்டும்.